மேட்டுக்கு மரம், வீட்டுக்கு வேலை!

வேலையில்லாத தொழிலாளி அரசாங்கத்துக்குப் பாரம் என்றே ஆள்வோர் கணக்கெழுதுகிறார்கள். அரிசி கொடுக்க வேண்டும், உதவித்தொகை கொடுக்க வேண்டும், தேர்தல் வந்தால் வாக்குறுதியும் கொடுக்க வேண்டும். அவர்கள் கணக்கில் நாம் இவ்வளவுதான். அந்தத் தொழிலாளிக்கு இரண்டு கைகள் இருக்கின்றன, அந்தக் கைகள் தலைமுறை தாண்டி நிற்கும் சொத்தை உண்டாக்க வல்லவை என்ற வரவு மட்டும் அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை.

தங்கவயலில் சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டு ஆகிறது. வேலை தேடி விடியுமுன் ரயிலேறுகிறார்கள் நம் பிள்ளைகள். காற்றடித்தால் சயனைடு மேட்டுத் தூசி சோற்றுப் பானை வரை வந்து விழுகிறது. இந்த இரண்டு துன்பங்களையும் ஒரே வேலைத்திட்டத்தால் தீர்க்கத் தொடங்க முடியும் என்பதே நாம் இங்கே சொல்ல வருவது. கனவு காண்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதலாளித்துவத்தின் கோட்டை என்று பெயரெடுத்த அமெரிக்காவே ஒரு காலத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறது.

1933-ல் அமெரிக்காவில் நடந்தது

1929-ல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. வங்கிகள் மூடின, ஆலைகள் நின்றன. 1933-ல் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு மார்ச் 4-ம் தேதி பதவியேற்ற ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், மாதம் முடிவதற்குள், மார்ச் 31-ம் தேதி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வேலையில்லாத இளைஞரைக் காட்டுக்கும் மலைக்கும் அனுப்பி மரம் நட வைப்பது, மண்ணரிப்பைத் தடுக்க வைப்பது, பூங்கா அமைக்க வைப்பது, அதற்குக் கூலி கொடுப்பது என்பது அந்தச் சட்டம். சி.சி.சி. என்று மக்கள் அழைத்த இயற்கைவளப் பாதுகாப்புப் படை இப்படித்தான் பிறந்தது.

மூன்று மாதத்துக்குள் சுமார் இரண்டரை லட்சம் பேர் முகாம்களில் சேர்ந்தார்கள். முகாமுக்கு ஏறத்தாழ 200 பேர். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். மகன் காட்டில் குழி வெட்டினால் ஊரில் தாய் அடுப்பு மூட்டினாள். மாதம் பிறந்தால் மணியார்டருக்காக வாசலைப் பார்த்து நின்ற நம் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தறியாமல் வந்தவர்களில் 40,000 பேருக்கு மேல் முகாமிலேயே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

1942-ல் அந்தத் திட்டம் முடிந்தபோது, மொத்தம் 30 லட்சம் பேர் அதில் வேலை செய்திருந்தார்கள். அவர்கள் நட்ட மரங்கள் ஏறத்தாழ 300 கோடி. தீ கண்காணிக்கும் கோபுரங்கள், காட்டுப் பாதைகள், பாலங்கள், தடுப்பணைகள் கட்டினார்கள். இன்று அமெரிக்க மாநிலங்களில் மக்கள் விடுமுறைக்குப் போய்வரும் பூங்காக்களில் 800க்கு அருகில் இவர்கள் கைபட்டு உருவானவை, அல்லது சீர்பெற்றவை. வர்ஜீனியா மாநிலத்தில் 1936 ஜூன் 15 அன்று ஒரே நாளில் ஆறு மாநிலப் பூங்காக்கள் திறக்கப்பட்டன. ஆறும் இந்த வேலையில்லாப் பிள்ளைகள் உழைத்து எழுப்பியவை. அவர்கள் போட்ட படிக்கட்டில் இன்றும் பேரப்பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. அந்நாட்டின் நடுப்பகுதிச் சமவெளியில் புல்லை உழுது தள்ளிவிட்டு, பிறகு மழை பொய்த்ததும், மேல்மண் முழுவதும் தூசியாகக் கிளம்பியது. 1934 மே மாதம் எழுந்த புழுதிப் புயல் நியூயார்க் நகரம் வரைக்கும் போய் வானத்தை மறைத்தது. அந்த ஆண்டே காற்றைத் தடுக்கும் மரவரிசைத் திட்டம் தொடங்கப்பட்டது. வடக்கே வடடக்கோட்டாவிலிருந்து தெற்கே டெக்ஸாஸ் வரை, 1942க்குள் 18,600 மைல் நீளத்துக்கு 22 கோடி மரங்கள் நட்டார்கள். நடுவில் உயர்ந்த மரம், இரு ஓரத்திலும் குட்டை மரம், அதற்கும் வெளியே புதர் என்று வரிசை வைத்தார்கள். காற்று நிலத்தை நேராக அறையாமல் மேலே தூக்கி எறியப்பட்டது. இதிலும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் நிவாரண வேலைக்கு வந்த தொழிலாளர்களே.

அங்கே நடந்த அநீதிகள்

அமெரிக்காவைப் புகழ்ந்து பாடுவது நம் வேலையல்ல. அந்தத் திட்டத்தின் கறைகளையும் நாம் பார்க்க வேண்டும். இங்கே அதே கறை படியாமலிருக்க அது உதவும்.

1933-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இனம், நிறம், மதம் பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. அப்போதைய அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒரே கறுப்பின உறுப்பினரான ஆஸ்கர் டி பிரீஸ்ட் போராடிச் சேர்த்த வாசகம் அது. நடந்தது என்ன? சுமார் 2 லட்சம் கறுப்பினத் தொழிலாளர்கள் தனி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 1935-ல் முழுப் பிரிவினைக்கு உத்தரவு போட்டவர் படையின் தலைவர் ராபர்ட் பெக்னர். இந்தப் பெக்னர் யார்? இயந்திரத் தொழிலாளர் சங்கத்தின் துணைத் தலைவராக இருந்தவர்! சங்கத்திலிருந்து வந்தவரே இதைச் செய்தார். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று வாழ்ந்து, அதைவிட்டு ஓடித் தங்கவயலுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நாம். சட்டத்தில் நல்ல வாசகம் இருந்தால் மட்டும் போதாது என்பது நமக்குத் தெரியும்.

பெண்கள் அந்தப் படையில் சேர்க்கப்படவே இல்லை. ஷெனண்டோவா என்ற மலைப்பூங்காவுக்காகச் சுமார் 500 குடும்பங்கள் தங்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டன. விட்டுப்போன வீடுகளில் பலவற்றை இடித்தவர்களும் இதே ஏழை இளைஞர்களே. ஏழையின் கையைக்கொண்டு ஏழையின் கூரையைப் பிரிக்கிற வித்தை எந்த நாட்டு ஆட்சிக்கும் தெரியும். பூங்கா என்ற பெயரைக் கேட்டவுடன் நாம் மயங்கிவிடக் கூடாது. அது யாருடைய இடத்தில் வருகிறது, வேலியின் சாவி யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் நிவாரண வேலை

பஞ்ச காலத்தில் வேலை கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. அது எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொன்ன 1876-78 பஞ்சத்தில், சென்னை மாகாணத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் கூலி என்று ரிச்சர்டு டெம்பிள் என்ற வெள்ளை அதிகாரி நிர்ணயித்தார். மண் சுமக்கிற உடம்புக்கு அது போதாது. சென்னை நகருக்குள் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சத்தில் வெட்டப்பட்டதுதான். கால்வாய் நின்றது, வெட்டியவர்களில் எத்தனையோ பேர் நிற்கவில்லை. அந்தப் பஞ்சம் ஓய்ந்து சில ஆண்டுகளுக்குள், 1880-ல், ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் இறங்கியது. வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து கூலிக்கு ஆட்கள் கிடைத்ததற்குக் காரணம் கேட்க வேண்டுமா?

விடுதலைக்குப் பிறகு 1972-73 வறட்சியில் மராட்டிய மாநிலம் லட்சக்கணக்கான விவசாயக் கூலிகளுக்கு வேலை கொடுத்தது. 1977-ல் அதைச் சட்டமாகவே ஆக்கியது. வேலை கேட்பது பிச்சை கேட்பதல்ல, உரிமை என்று ஏட்டில் எழுதிய முதல் மாநிலம் அது. 2005-ல் மத்திய அரசு அதை நாடு முழுவதற்கும் சட்டமாக்கி, ஊரகக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் என்றது. 2025 டிசம்பரில் அதன் இடத்தில் வேறு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றி, 125 நாள் என்று எழுதியது. மாநிலங்களின் தலையில் செலவை ஏற்றுகிறது என்ற கண்டனமும் கூடவே எழுந்தது. அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும். பழைய சட்டமானாலும் புதிய சட்டமானாலும் இரண்டும் ஊரகத்துக்கு மட்டும்தான்!

தோழர்களே, இங்கேதான் நம் கழுத்தில் கயிறு விழுகிறது. ராபர்ட்சன்பேட்டையும் பங்காருபேட்டையும் அரசாங்க ஏட்டில் நகரங்கள். ஆகவே சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் இருக்கும் வேலையில்லாத் தொழிலாளிக்கு ஒரு நாள் வேலைகூடச் சட்டப்படி கேட்க உரிமை இல்லை. சுரங்கம் இருந்த காரணத்தால் நகரமானோம். சுரங்கம் போனது, ஆனால் நகரம் என்ற பெயர் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. நகரத்துக்கு இப்படிச் சட்டம் போட முடியாதா என்றால், முடியும். கேரளம் 2010-ல் அய்யன்காளியின் பெயரால் நகர்ப்புற வேலை உறுதித் திட்டத்தைக் கொண்டுவந்து 100 நாள் என்று எழுதியது. ராஜஸ்தான் 2022-ல் ஒன்றைத் தொடங்கியது. கர்நாடகம் ஏன் தொடங்கக் கூடாது? தொடங்குவதானால் அதற்குத் தங்கவயலைவிடப் பொருத்தமான இடம் எது?

உலகத்துக்கு மந்தம் 1929, நமக்கு 2001

உலகமே வேலையிழந்து நின்ற அந்த 1930-களில் தங்கவயல் வேலையிழக்கவில்லை. 1931-ல் பிரிட்டன் தன் நாணயத்தைத் தங்கத்திலிருந்து பிரித்தது. 1934 ஜனவரியில் அமெரிக்கா தங்கத்தின் விலையை அவுன்சுக்கு 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தியது. மற்றப் பொருளெல்லாம் விலை சரிந்தபோது தங்கம் ஏறியது. லண்டன் பங்குதாரர்களுக்கு நம் சுரங்கம் பஞ்ச காலத்துக் களஞ்சியமாக இருந்தது. தொழிலாளிக்கோ 1930-ல் கைரேகை பதியச் சொன்ன உத்தரவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

நம் மந்தம் பிறகு வந்தது. 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. பின்னர் மத்திய அரசின் கைக்கு மாறி, 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன் தங்கம் மேலே வந்தது என்பது கணக்கு. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழத்தில் வெந்த உடம்புகளுக்கு அதற்குப் பிறகு எந்த ரூஸ்வெல்ட்டும் சட்டம் போடவில்லை. நமக்குக் கிடைத்த மறுவாழ்வுத் திட்டம் எது என்றால், 1894-ல் கம்பெனிக்காகப் போட்ட மாரிக்குப்பம்–பங்காருபேட்டை ரயில் பாதைதான்! அதில் ஏறி, பங்காருபேட்டை சந்திப்பைக் கடந்து, பெங்களூருக்குக் கூலிக்குப் போய், இரவு திரும்புகிறது ஒரு தலைமுறை. பிள்ளை தூங்கின பிறகு வீட்டுக்கு வந்து, பிள்ளை விழிக்குமுன் புறப்படுகிற தகப்பன்மார் எத்தனை பேர்!

மேடுகள் யாருடைய கடன்?

தங்கம் போன வழி தெரியும். கழிவு போகவில்லை. பாறையை மாவாக அரைத்து, சயனைடு நீரில் கரைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சியதை மலையாகக் குவித்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் 13 மேடுகள். மூன்று கோடி டன்னுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். மாவுபோல் நுண்ணிய அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது. சிலிக்கா நெஞ்சில் தங்கினால் என்ன ஆகும் என்பதைச் சுரங்கத்துக்குள் இறங்கிய நம் தகப்பன்மாரின் இருமலில் கேட்டிருக்கிறோம். அவர்களாவது சம்பளத்துக்காகச் சுவாசித்தார்கள். இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தை எந்தச் சம்பளத்துக்காகச் சுவாசிக்கிறது?

சினிமாக்காரர்களுக்கு இந்த மேடு பாலைவனக் காட்சி. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, இந்த 13 மேடுகளிலும் மிஞ்சிய தங்கத்தை எடுக்க மத்திய அரசுக்கு ஒப்புதல் அளித்தபோது, அதிகாரிகளுக்கு அது மறுபடியும் தங்கம். நமக்கு அது தூசி. மூன்று பார்வைகளில் நம் பார்வை மட்டும் எந்தக் கோப்பிலும் இல்லை.

இங்கே என்ன செய்யலாம்? வெறும் தூளின்மேல் மரக்கன்றை ஊன்றினால் காய்ந்து போகும். அதில் மட்கும் இல்லை, சத்தும் இல்லை. முதலில் சரிவை மட்டப்படுத்தி, மழைநீர் அரித்து ஓடாமல் படிப்படியாக வரப்புக் கட்ட வேண்டும். மேலே மண்ணும் எருவும் பரப்ப வேண்டும். வெட்டிவேர் போன்று வேர்பிடிக்கும் புல்லை முதலில் போட்டு, பிறகு புங்கன், வேம்பு, வாகை என்று வறட்சி தாங்கும் மரங்களுக்குப் போக வேண்டும். மேட்டுக்கும் குடியிருப்புக்கும் நடுவே, அமெரிக்கச் சமவெளியில் செய்ததுபோல், காற்றுத் தடுக்கும் மரவரிசை வேண்டும். எரு எங்கே, மண் எங்கே என்று கேட்கிறார்களா? நகரத்துக் குப்பையைப் பிரித்து மட்க வைத்தால் எரு. கோலார் ஜில்லாவின் ஏரிகளைத் தூர்வாரினால் வண்டல். ஏரியும் பிழைக்கும், மேடும் மூடும். இத்தனையும் இயந்திரம் மட்டும் செய்கிற வேலையல்ல; ஆண்டுக்கணக்கில் ஆள் வேண்டும். நட்ட கன்றுக்கு மூன்று கோடை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். ஆள் நம்மிடம் இருக்கிறது.

பச்சையாக இருப்பதெல்லாம் மக்களுக்கு நல்லது என்றும் ஏமாறக் கூடாது. 1980-களில் சமூகக் காடு என்ற பெயரில் இதே கோலார் ஜில்லாவில் தைலமரம் பரவியது. கேழ்வரகு விளைந்த நிலத்தில் ஆலைக்கு விற்கும் மரம் நின்றது. களையெடுப்பும் அறுவடையும் போனதால் கூலிக்காரப் பெண்கள் வேலைநாளை இழந்தார்கள். நிலத்தடி நீரை அது உறிஞ்சுகிறது என்ற புகார் முற்றி, 2017-ல் கர்நாடக அரசு புதிதாகத் தைலமரம் நடுவதற்கே தடை போட்டது. எந்த மரம், யாருக்காக என்பதை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கிளம்பும் மறுப்புகள்

“மேட்டையே திரும்பத் தோண்டப் போகிறோமே, மரம் எதற்கு?” என்பார்கள். தோண்டட்டும். தோண்டும்போதுதான் தூசி அதிகம் கிளம்பும். ஆகவே மரவரிசை அதற்கு முன்பே நிற்க வேண்டும். தோண்டிப் பிரித்த பிறகும் தூள் மாயமாய் மறையாது, இன்னொரு இடத்தில் குவியும். அதை மூடும் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். தங்கம் எடுப்பவன் செலவிலேயே அது நடக்க வேண்டும்.

“நிவாரண வேலை என்றால் கூலி குறையும், மற்றத் தொழிலாளர் கூலியையும் அது இழுத்துப்போடும்” என்று நம் சங்கத் தோழர்களே கவலைப்படலாம். நியாயமான கவலை. 1933-ல் அமெரிக்கத் தொழிற்சங்கங்களும் நாளுக்கு ஒரு டாலர் என்பதை இதே காரணத்துக்காக எதிர்த்தன. பதில் ஒன்றே: மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு பைசா குறையக் கூடாது.

“தமிழர்களுக்குத் தனித் திட்டமா?” என்றும் சிலர் கேட்பார்கள். இல்லை. தூசி தாய்மொழி கேட்டுவிட்டு மூக்கில் ஏறுவதில்லை. லைனில் தமிழன் இருக்கிறான். சுற்றுக் கிராமத்தில் கன்னடம் பேசும், தெலுங்கு பேசும் விவசாயி இருக்கிறான். பேட்டையில் உருது பேசும் தொழிலாளி இருக்கிறான். மேட்டிலிருந்து மழையில் இறங்கும் தூள் எல்லோருடைய வயலிலும்தான் படிகிறது. இந்தக் கோரிக்கையை எல்லா மொழிக்காரரும் சேர்ந்து எழுப்பினால்தான் விதான சௌதாவின் காதில் விழும்.

நாம் கேட்பது

ஒன்று, கர்நாடக அரசு நகர்ப்புற வேலை உறுதிச் சட்டம் கொண்டுவந்து, அதைத் தங்கவயலிலும் பங்காருபேட்டையிலும் முதலில் தொடங்க வேண்டும். இரண்டு, மேடுகளை மூடும் வேலையை அதன் முதல் வேலையாக வைக்க வேண்டும். இடையில் காண்டிராக்டர் கூடாது, கூலி நேராகத் தொழிலாளியின் கணக்குக்குப் போக வேண்டும். மூன்று, பெண்ணுக்கும் ஆணுக்கும் சமவேலை, சமகூலி. நான்கு, தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு முகமூடி, குடிநீர், வேலை தொடங்குமுன்னும் ஆண்டுதோறும் மார்புப் பரிசோதனை. இது இல்லாமல் ஒரு கூடை மண்ணும் நாம் தூக்கக் கூடாது. ஐந்து, மஸ்டர் ரோல் நகரசபை வாசலில் எல்லோரும் படிக்கத் தொங்க வேண்டும். ஆறு, மரம் வளர்ந்த பிறகு அந்த இடம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். பூங்கா என்று சொல்லி லைன் வீடுகளைக் காலி செய்யச் சொல்லும் ஷெனண்டோவா வித்தை இங்கே வேண்டாம்.

இன்னும் ஒன்று. கம்பெனி காலத்தில் நம் பாட்டனிடம் கேட்டது கைரேகை. அவன் வெட்டிய சுரங்கத்துக்கோ துரைமார் பெயர், கவர்னர் பெயர். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று ஊருக்கும் அவர்கள் பெயர்தான். பங்காருபேட்டைக்கே முன்பு பௌரிங்பேட்டை என்று ஒரு வெள்ளைக்காரர் பெயர் இருந்தது. நாளை மேட்டில் மரம் நின்றால், அதை நட்டவர்களின் பெயரைக் கல்லில் வெட்டி வாசலில் வையுங்கள். கைரேகை போதும், இனிமேல் பெயர் வேண்டும்.

அமெரிக்காவில் அந்தச் சட்டம் ரூஸ்வெல்ட்டின் தயவால் மட்டும் வந்ததல்ல. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வேலையில்லாதவர்கள் ஊர் ஊராக ஊர்வலம் போனார்கள், பட்டினி அணிவகுப்பு நடத்தினார்கள். ஆட்சி நடுங்கியது, சட்டம் பிறந்தது. தங்கவயலுக்கும் ஊர்வலம் புதிதல்ல. இந்த மாதம் ஒவ்வொரு லைனிலும் ஒரு கூட்டம் போடுங்கள். வேலை வேண்டுவோர் பெயரை எழுதுங்கள், தாய்மார்களின் பெயரை முதலில் எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு நகரசபைக்கும் ஜில்லா கலெக்டருக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் மனுக் கொடுப்போம். மனு கிடப்பில் விழுந்தால் அதே பட்டியலில் உள்ள அத்தனை பேரும் மேட்டின் அடியில் கூடுவோம், கையில் ஆளுக்கொரு மரக்கன்றோடு.